கார்டு ஜோசியர்

"என்னங்க, மாப்பிள்ளை பேனாவைக் கையில எடுத்து எவ்வளவு நேரமாச்சு! இன்னும் கையெழுத்துப் போடல," என்றாள் உமா மகேஸ்வரி, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி.

"போடுவாரு, போடுவாரு. நீ போய்க் காப்பியப் போடு," என்று எரிந்து விழுந்தான் அவள் கணவன் இசக்கியப்பன்.

தென்காசியில் கல்யாண வீடியோ எடுத்துக் கொடுப்பது அவன் தொழில். திரையில் உறைந்து நின்றது அச்சன்புதூர் ஹபீபுல்லா மகளின் நிக்காஹ். மாப்பிள்ளை ரபீக் வேலைக்குத் திரும்ப ஞாயிற்றுக்கிழமை துபாய்க்கு விமானம் ஏறுகிறார். அதற்குள் வீடியோ அவர் கைக்குப் போயாக வேண்டும். லீவு கிடைக்காமல் தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியாத அண்ணன்மார் அங்கே காத்திருக்கிறார்கள். சொன்னபடி கொடுக்காவிட்டால் அந்த ஊரில் இனி ஒரு கல்யாணம்கூடக் கிடைக்காது. இன்றைக்கோ வெள்ளி.

கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை. வீடியோ வேலையை வேகமாக முடித்துத் தரும் கிராபிக்ஸ் கார்டைப் போன வாரம் அவனேதான் கழற்றி விற்றிருந்தான்.

எல்லாம் கிராபிக்ஸ் கார்டுப் பைத்தியங்களின் டெலிகிராம் குழு செய்த வேலை. வரப்போகிற புதுக் கார்டு எப்போது வரும், எவ்வளவு வேகம் என்று, அதைக் கண்ணால் காணாதவர்கள் எல்லாம் அங்கே சத்தியம் செய்வார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் வம்பு என்பதால் ஆளுக்கொரு புனைபெயர். இசக்கியப்பனின் பெயர் 'கார்டு ஜோசியர்'.

"புதுசு வியாழக்கிழமை வருது. பழசை இப்பவே தள்ளிவிடுங்க," என்று சொன்னவன், அதை முதலில் தானே நம்பினான். 'அருவி ராஜா' என்ற ஒருவர் அவனுடைய பழசை வாங்கினார். நேரில் வரவில்லை. குற்றாலத்துப் பழக்கடை ஒன்றில் கொடுத்துவிடச் சொல்லி, ரம்புட்டான் பையோடு சேர்த்து வாங்கிப் போய்விட்டார். வியாழன் வந்தது, கார்டு வரவில்லை. கம்பெனி தேதியைத் தள்ளிவைத்துவிட்டது.

போன் அடித்தது. ஹபீபுல்லா.

"தம்பி, நாளைக்குச் சாயங்காலம் வீடியோ வந்துரும்லா?"

"வந்துரும் பாய்," என்றான். உடனே அருவி ராஜாவுக்குச் செய்தி அனுப்பினான்.

"ராஜா, அந்தக் கார்டைத் திருப்பித் தாருமே."

"அவசர அவசரமா வித்தீரு. இப்பத் திருப்பிக் கேக்குதீரு. அப்ப புதுசுல ஏதோ கோளாறு இருக்கு. என்னவே?"

காப்பி ஆறுவதற்குள் விஷயம் குழுவெங்கும் பரவியது. "ஜோசியரே பழசைத் தேடுதாராம்! யாரும் கைல இருக்குறத விட்டுறாதீங்க!" இரவல் தருவதாக இருந்த செங்கோட்டைக்காரரும் கழன்றுகொண்டார்.

இசக்கியப்பன் மறுபடி போனை எடுத்தான். பழசின் மவுசைக் குறைத்தே ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான்: "திங்கக்கிழமை தென்காசிக்கே புதுக் கார்டு வருது. பெட்டியக் கண்ணால பாத்தாச்சு. அதுக்கப்புறம் பழசை ஒருத்தனும் தொடமாட்டான்."

"எங்கன பாத்தீங்க?" என்றாள் உமா.

"மனக்கண்ணுல."

அருவி ராஜாவிடமிருந்து பதில் வந்தது. "ரொம்ப சந்தோசம் ஜோசியரே! புதுசு கைக்கு வந்ததும் பழசைத் தாரேன். உம்மள மாதிரி முந்திரிக்கொட்டை நான் இல்ல."

சனிக்கிழமை மாப்பிள்ளை ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார். விருந்து முழுக்க பாக்கி. பாதி வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, சாரலில் நனைந்தபடி அச்சன்புதூருக்கு வண்டியை விட்டான் இசக்கியப்பன். மழையால் கரண்டு போய்விட்டது என்று சொல்வதாக ஏற்பாடு.

ஹபீபுல்லா வாசலிலேயே நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"வாரும். எம் மருமவன் வேலைக்கே உலை வச்சுட்டானே ஒருத்தன்! அவன் மட்டும் எங் கைல கெடைச்சான்னா..."

பாதி வீடியோவுக்கு மாப்பிள்ளையின் வேலை எப்படிப் போகும் என்று யோசிக்கக்கூட இசக்கியப்பனுக்குத் திராணியில்லை. "பாய், மழையில கரண்டு..." என்று இழுத்தான்.

அதற்குள் கல்யாணப் பெண் அஃப்ரின் டீயோடு வந்தாள். அவள் முகத்தில் மட்டும் அப்படியொரு சிரிப்பு.

"வாப்பாவ விடுங்கண்ணே, வீடியோ மெதுவாவே வரட்டும். கார்டு ஜோசியர்னு எவரோ திங்கக்கிழமை புதுசு வருதுன்னு சொன்னாராம், அத நம்பி ரபீக் மச்சான் துபாய் டிக்கெட்டையே கேன்சல் பண்ணிட்டாக. குற்றாலத்துப் பழக்கடையில வாங்குன பழைய கார்டு ஒண்ணு மாடியில கெடக்கு, அதத் தள்ளிவிட உங்களுக்குத் தெரிஞ்ச ஏமாளி யாராவது இருக்காகளா?"