மூக்கில்லாத சப்பான் வண்டியும் என் தம்பி மகளும்

தாராவி, பம்பாய்
மார்கழி மாதம், வெள்ளிக்கிழமை

உடன்பிறந்த தம்பி மகாராசன் வானமாமலைக்கு,

அக்காள் பேராச்சி எழுதும் கடுதாசி. இங்கே நான், மகன் தங்கசாமி, வண்டி, மூணு பேரும் சுகம். உன் சுகத்தையும் உன் பெண்டாட்டி முருகம்மாள், மகள் கனகவள்ளி சுகத்தையும் கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். பதில் எதிர்பார்க்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் அதற்கு நீயே பொறுப்பு. நான் ரெண்டாம் வகுப்பு படிக்கும்போதுதான் நீ பிறந்தாய். உன் தொட்டிலை ஆட்ட ஆள் இல்லை என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். ஆட்டின கைக்கு நீ இத்தனை வருசமாகச் செய்த மரியாதையைத்தான் இதில் எழுதப் போகிறேன்.

உன் கடுதாசி நேற்று வந்தது. வண்டிக்கு மூக்கு இல்லையாம், அதனால் கனகவள்ளியைத் தங்கசாமிக்குத் தர மாட்டாயாம். எலே, நாங்க கட்டிக்கச் சொன்னது வண்டியவா? மாமன் மகள் அத்தை மகனுக்குன்னு ஊரே சொல்லுத முறை. நீ ஒருத்தன்தான் சக்கரத்த எண்ணிக்கிட்டு நிக்க. நீ மறந்திருப்ப. நான் மறக்கல, முதல்ல இருந்து சொல்லுதேன் கேளு.

சீனாச் சண்டை முடிஞ்ச மறு வருசம். கனகவள்ளி தாவணி போட்ட வருசம். தங்கசாமி கோட்டைப் பக்கம் சப்பான் கம்பெனி ஆபீசுல டிரைவரா சேந்தான். அவிய ஊர்ல இருந்து புது மாடல் வண்டி வந்து இறங்கினா பழசைத் தள்ளிவிடுவாங்க, அதை இவன் வாங்கி, குர்லா மெக்கானிக் அப்துல் ரவூப் பாய்கிட்ட கொடுத்துச் சரி பண்ணி, நான் ஆட்டுத இட்லி மாவை மாட்டுங்கா, செம்பூர் மெஸ்ஸுகளுக்குக் கொண்டு போவான். முதல்ல வந்தது மூணு சக்கரம். முன்னால ஒண்ணு, பின்னால ரெண்டு. சைக்கிள் மாதிரி கைப்பிடி, கதவே கிடையாது, மேல தார்ப்பாய். ஓட்டுறவனுக்கு மட்டும்தான் சீட்டு. நீ மசூதி பந்தர் மண்டிக்கு வத்தல் விக்க வந்த, தாதர் டேசன்ல இருந்து உன்னைய மாவு அண்டாவுக்கு நடுவுல பின்பக்கம் பாத்து உக்கார வச்சு கூட்டியாந்தோம். எங்க சந்து பூரா பிள்ளைக பின்னால ஓடி வந்துச்சு. அதுகளுக்கு நீ கும்பிடு போட்டுக்கிட்டே வந்த. எலெக்சன்ல நிக்கியான்னு அடுத்த வீட்டு அக்தர் பானு கேட்டா. இறங்கினதும் என்ன சொன்ன? "கைப்பிடியப் பிடிச்சு ஓட்டுறவனுக்கு எம் மகளைக் கொடுத்தா ஊர்ல சிரிப்பான் அக்கா. கார் மாதிரி வட்டமா ஸ்டீரிங் இருக்கட்டும், பாப்போம்." சொல்லிட்டு என் கையால அஞ்சு தோசை தின்ன. சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்ல. நான்தான் தச்சுக் கொடுத்தேன்.

சரி, சப்பான்காரனுக்கு உன் பேச்சு எப்படிக் கேட்டுச்சோ தெரியல, அடுத்த மாடல்ல வட்ட ஸ்டீரிங் வச்சு அனுப்பிட்டான். பாகிஸ்தான் சண்டையில ஊரெல்லாம் விளக்க அணைச்சு வச்ச வருசம் அது நம்ம கைக்கு வந்துச்சு. கதவு ரெண்டு, பக்கத்துல இன்னொரு சீட்டு. ஆனா சக்கரம் மூணுதான். நீ துரை மாதிரி முழங்கைய வெளிய போட்டு உக்காந்து வந்த. சயான் திருப்பத்துல எருமை ஒண்ணு குறுக்க வந்துச்சு, தங்கசாமி ஸ்டீரிங்க ஒடிச்சுத் திருப்பினான். வண்டி சத்தமே போடாம பொத்துனாப்புல, மெள்ள ஒருச்சாஞ்சு படுத்துக்கிச்சு. ஒருத்தருக்கும் கீறல் இல்ல. எருமை நின்னு உன்னையே பாத்துச்சாம். நாலு பேரு சேந்து "ஆகே, ஆகே"ன்னு தள்ளி நிமித்தினாங்க, நீ உள்ளயே உக்காந்திருந்த, இறங்கக்கூட இல்ல. வீட்டுக்கு வந்து, மூணு காலு குழந்தை நடைவண்டிக்குத்தான் சரி, நாலு சக்கரம் வந்தா சொல்லுன்ன. மாவு கொட்டுனதுக்கு ஒரு வார்த்தை கேக்கல.

நாலு சக்கரமும் வந்துச்சுடே. கொய்னாவுல பூமி நடுங்கி இங்க பாத்திரமெல்லாம் உருண்டுச்சே, அதுக்கு அடுத்த மாசம். முன்னால குட்டியா ஒரு மூக்கு, அதுக்குள்ள எஞ்சின், பின்னால பெட்டி மாதிரி மூடின உடம்பு. மழை பெஞ்சாலும் மாவு நனையாது. எனக்கு இருந்த சந்தோசத்துல நானே சூடம் ஏத்தி, தேங்கா உடைச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சேன். மூணு வச்சே பழகின கை, மூணுதான் வச்சேன். அத்தனை பேரு நின்னாங்க, ஒருத்தன் கண்ணுலயும் படல. உன் கண்ணுல பட்டுச்சு. ஆனா வண்டி கிளம்புறதுக்கு முன்னாலயா சொன்ன? திலக் நகர்ல போயி அந்த நாலாவது சக்கரம் பஞ்சரானப்புறம், நடுச் சடக்குல இறங்கி நின்னு, "பழம் வைக்காத சக்கரம்லா இது, நான் அப்பமே பாத்தேன்"ன்ன. பாத்தவன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? அது பத்தாதுன்னு, இதுல ரெண்டு பேருக்குத்தான் இடம், நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தா மாவு அண்டாவுக்குள்ளயா போட்டுக் கூட்டிட்டுப் போவான்னு கேட்டுட்டு ரயிலேறிட்ட.

இப்போ வந்திருக்கே, இது நாலாவது. என் கண்ணே பட்டிரும் போல இருக்கு. மூக்கைச் சப்பையா நறுக்கிட்டு எஞ்சினைச் சீட்டுக்கு அடியில வச்சுட்டான். அதனால அதே நீளத்துல ரெண்டு வரிசை சீட்டு, பின்னால அண்டா வைக்கவும் இடம். நீ கேட்ட ஸ்டீரிங், நீ கேட்ட சக்கரம், நீ கேட்ட இடம், எல்லாத்தையும் ஒருத்தன் கடல் தாண்டி உக்காந்து செஞ்சு அனுப்பியிருக்கான். ரெண்டு லைட்டுக்கும் நடுவுல பொட்டு வச்சுப் பாத்தேன், அப்படியே நம்ம அம்மை முகம். போன மாசம் உன்னைய அதுல ஏத்தினோம். மாவு அண்டாவ எஞ்சின் பக்கத்துல, உன் முதுகுக்குப் பின்னால வச்சது என் தப்புத்தான். சூட்டுல மாவு பொங்கும்னு சப்பான்காரனுக்கும் தெரியாது, எனக்கும் தோணல. மாட்டுங்கா தாண்டுறதுக்குள்ள மூடியத் தள்ளிக்கிட்டு வந்து உன் பிடரியில இறங்கிருச்சு. நீ சாமி வந்த மாதிரி துள்ளின. அதுக்கு நான் சிரிச்சேன், தங்கசாமி சிரிச்சான், பஸ்ஸுக்கு நின்னவன் எல்லாம் சிரிச்சான். அன்னைக்குச் சுட்ட இட்லி மாதிரி பூவா இட்லி நான் சுட்டதே இல்ல, நீயும் எட்டு தின்ன. தின்னுட்டு ஊருக்குப் போயி, மூக்கறுந்த முகம், தரித்திரம்னு எழுதுத.

வானமாமலை, எனக்குத் தெரியாதாலே? ஒத்த மகளை ரெண்டு ராத்திரி ரயில் தூரத்துக்கு அனுப்ப உனக்கு மனசு வரல. அதை வாயத் தொறந்து சொல்லியிருந்தா நானும் கூட உக்காந்து அழுதிருப்பேன். என்னைய இங்க கட்டிக் கொடுத்தப்போ டேசன் தூணக் கட்டிக்கிட்டு நின்னவன்தானே நீ. அதுக்காக வண்டியக் குறை சொல்லாத. அது என்ன பாவம் பண்ணுச்சு, வருசா வருசம் நீ சொன்னபடிதானே மாறிக்கிட்டு வருது.

இனி பேச்சு இல்லை. காட்கோபர்ல பூலோகம் வீட்டுப் பெண்ணைத் தங்கசாமிக்குப் பார்த்தாகிவிட்டது. உன் மகளை நாலு சக்கரமும் மூக்கும் உள்ளவனாகப் பார்த்து நீ கொடுத்துக்கொள். இந்த வாசலை மிதிக்காதே. ஆயுசோடயும் ரோசத்தோடயும் இரு. முருகம்மாளுக்கு என் விசாரிப்பு, அவமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கனகவள்ளிக்கு நெற்றியில் ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உன்னால் படிப்பை விட்ட அக்காள்,
பேராச்சி

பின் குறிப்பு: கடுதாசிய ஒட்டப் பசை தேடும்போது வாசல்ல ஆள் சத்தம். முருகம்மாளும் கனகவள்ளியும் டிரங்குப் பெட்டியோட நிக்காவ. உங்கிட்ட திருச்செந்தூர் போறோம்னு சொல்லிட்டு வந்தாவளாம். நீ அங்க போயித் தேடாத. கனகவள்ளி நேரா வண்டியில ஏறி முன் சீட்டுல உக்காந்தா. எறங்கி வந்து, "முன்னால ஒண்ணுமே மறைக்கல அத்த. ரோடெல்லாம் நம்ம மடியில வந்து விழுது"ன்னா. தங்கசாமி துணியெடுத்து, துடைச்ச கண்ணாடியவே துடைச்சுக்கிட்டு நின்னான். இப்போ மூணு பேரும் செம்பூர் வரைக்கும் ஒரு சுத்து போயிருக்காவ. முருகம்மாள் பின்னால தனிச் சீட்டுல, மகாராணி கணக்கா. தை பிறந்ததும் கல்யாணம். அப்பனா லட்சணமா வந்து நின்னு தாரை வார்த்துக் கொடு, நீ வராம தாலி ஏறாது. பூலோகம் வீட்டுல பொண்ணே கிடையாது, ரெண்டும் பயக. மேல எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டுரு. எனக்கு மனப்பாடமா இருக்கு.