மேனேஜருக்கு எழுதிய பத்தியச் சீட்டு

நாற்பது நாளில் எங்கள் வீட்டு நாயை இளைக்க வைப்பது என்று சபதம் எடுத்தேன். நாய் எடுக்கவில்லை.

அவனுக்கு மேனேஜர் என்று பெயர். தான் ஒரு வேலையும் செய்யமாட்டான்; அடுத்தவர் செய்வதைக் கண்கொட்டாமல் பார்ப்பான். வேறு என்ன பெயர் வைப்பது?

எனக்கு பேக்கரியில் இரவு வேலை. ஊர் படுக்கும்போது மாவு பிசைவேன், ஊர் எழும்போது படுப்பேன். விடிந்ததும் மிஞ்சின இனிப்பு பன் நாலைந்து பையில் வரும். வாசல்படியில் உட்கார்ந்து நானும் மேனேஜரும் பிட்டுத் தின்போம். தனியாக வைத்தால் தொடமாட்டான். நான் ஒரு வாய் தின்றால்தான் அவனும் ஒரு வாய். பதினோரு வருஷமாகப் பொழுது விடிந்ததை நான் நம்புவது அந்த ஐந்து நிமிஷத்தில்தான்.

போன மாதம் பேக்கரியில் எல்லோருக்கும் ரத்தம் சோதித்தார்கள். நாங்கள் பன்னில் போடுவதைவிட என் ரத்தத்தில் சர்க்கரை அதிகம். சீட்டை மனைவியிடம் காட்டினால் அழுவாள். அழுது முடித்ததும் சமைப்பாள். எனக்குப் பயம் இரண்டாவதுதான். மடித்து, மேனேஜர் படுக்கும் சாக்குக்கு அடியில் செருகிவிட்டேன். அவன் மேலே படுத்துவிட்டால் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி மாதிரி.

அடுத்த வாரம் அவள் மேனேஜரை நாய் டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தாள். கையில் ஒரு தாள்.

"என்னங்க, எடை கூடிப்போச்சாம். இப்படியே விட்டா சர்க்கரை வந்துடுமாம்."

தூக்கிவாரிப் போட்டது. "நாய்க்குக்கூடவா?"

"யாருக்கு வேணா வருமாம். அப்புறம் கண்ணு போகுமாம், காலு போகுமாம்..."

குரல் உடைந்தது. நாய் மேல் இவ்வளவு பாசமா என்று ஆச்சரியப்பட்டேன்.

"சொன்னதையெல்லாம் எழுதிக்கிட்டு வந்தேன். படிங்க."

படித்தேன். இனிப்பு கூடாது, சோறு அரைக் கப், அவித்த காய் இரண்டு கப், முட்டை ஒன்று, தினம் நாற்பது நிமிஷம் நடை.

"புகை ஆகாதுன்னு இருக்கே?"

"நீங்க ஊதறதைத்தானே அவனும் இழுக்கறான்?"

"பகல்ல ஏழு மணி நேரம் தூக்கம்?"

"ராத்திரி பூரா காவல் காக்கறான் இல்ல?"

"கவலையை மனசுக்குள்ள பூட்டி வைக்கக் கூடாதுன்னு..."

"வாயில்லாத ஜீவன். அதுக்கும் இருக்காதா?"

நியாயம்தான். சபதம் எடுத்தேன்.

முதல் நாள் காலை அவித்த பீன்ஸ் வந்தது. மேனேஜர் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நீங்க சாப்பிடுங்க, அப்பதான் தொடுவான்" என்றாள். அவனுக்கு ஒரு வாய் போக நான் நாலு வாய் தின்ன வேண்டியிருந்தது. நடையும் அப்படியே. தெருமுனை வரை நான் அவனை இழுத்தேன், அதற்கப்புறம் அவன் என்னை.

ஒருநாள் செருப்பு அலமாரியில் இரண்டு ரஸ்க்கை ஒளித்துவைத்தேன். மேனேஜர் அதன் எதிரே உட்கார்ந்து, அவள் வரும்வரை வாலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"சார் என்ன இங்கேயே உக்காந்துட்டாரு?" என்று கேட்டு, ரஸ்க்கை எடுத்துப் போய்விட்டாள்.

நாற்பதாம் நாள் மூவரும் டாக்டரிடம் போனோம்.

"ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கான். நான் எழுதினபடியே கறி, சோறு, காய்னு அளவாப் போட்டிருக்கீங்க" என்றார் டாக்டர்.

"கறியா?"

தாளை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏங்க, உங்க நாய் சிகரெட் பிடிக்குமா?"

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து என் ரத்தச் சீட்டை எடுத்தாள். மடிப்பில் மேனேஜரின் முடி ஒட்டியிருந்தது.

"சாக்கை உதறினேன், விழுந்துது. அதை ஆஸ்பத்திரியில காட்டி எழுதிக்கிட்டு வந்ததுதான் இந்தத் தாள். அவன் சீட்டு வேற. மத்தியானம் நீங்க தூங்கறப்ப போடறேன்."

"நான் இல்லாம தொடமாட்டானே!"

"நான் பக்கத்துல உக்காந்து சாப்பிடறேன்."

மேனேஜரைப் பார்த்தேன். துரோகி.

"என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொன்னீங்களா?"

சீட்டை வாங்கி, ஒட்டியிருந்த முடியை ஊதிவிட்டேன்.

"பகல்ல நீங்க தூங்கறப்ப பத்து தடவை வந்து பாக்கறேன், மூச்சு வருதான்னு. எனக்காகன்னு கேட்டா நாளைக்குப் பாக்கலாம்பீங்க. அவனுக்காகன்னா நடப்பீங்க."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாய் நிறுக்கும் எடைமேடையைக் காட்டினார். "நீங்களும் ஏறுங்க."

ஏறினேன். ரத்தச் சீட்டில் இருந்த எடையைவிட ஆறு கிலோ குறைந்திருந்தேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேனேஜரின் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை அவள் கையை விடவில்லை நான். மேனேஜர் முன்னால் நடந்தான், மேற்பார்வை பார்த்துக்கொண்டு.

மனசு இளகிவிட்டது. நாக்கு இளகவில்லை. மறுநாள் காலை சட்டைக்குள் பன்னை மறைத்துக்கொண்டு பூனை போல வாசல்படி ஏறினேன். மேனேஜர் வந்து மோந்து பார்த்தான். ஒரு குரை குரைத்தான்.

உள்ளேயிருந்து அவள் குரல்: "எத்தனைடா?"

இரண்டு தடவை குரைத்தான்.

தொட்டுப் பார்த்தேன். இரண்டுதான்.