தேன்காளானுக்கு ஆள் தேவை

ஸ்ரான்லி கைவைத்த கதிரையில் இருந்தார். வலப்பக்கம், ஹீற்றரை ஒட்டித் தமிழ்ப் பாடசாலைத் தலைவி பவளராணி. ஜன்னலோரம் ஸ்ரிபன். எந்தக் கூட்டத்திலிருந்தும் முதல் ஆளாக எழும்பும் பிரதீபன் கதவடியில், ஜக்கற்றைக் கழற்றாமல். டென்மார்க்கின் சில்க்போர்க் தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழாப் பட்டிமன்றத்தைத் திட்டமிட வந்தவர்கள் இவ்வளவுதான்.

பதினாறு வருடமாக ஸ்ரான்லிதான் நடுவர். மிச்ச நாளெல்லாம் தொழிற்சாலையில் கால்கடுக்க நிற்பதே வருடத்தில் ஒருநாள் அந்த நடுக்கதிரையில் இருக்கத்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் பாதி உண்மை.

"இந்தமுறை புதுசு," என்றார். "வலியது எது? மண்ணுக்கடியிலை பரவி மரத்தின்ரை வேரைத் தின்னுற தேன்காளானோ, புலியோ?"

"அண்ணை, புலி எண்டால் மண்டபம் ரெண்டாகும்," என்றார் பவளராணி.

"அப்ப சிங்கம்."

"சிங்கமெண்டால் மண்டபமே மிஞ்சாது."

சிறுத்தையில் சமாதானமாயிற்று. அணி பிரித்தபோது மூவரும் சிறுத்தைக்கே கை தூக்கினார்கள்.

"காளானுக்கு ஆர்?"

"காளானைப் பற்றி என்னண்ணை கதைக்கிறது? கறிதான் வைக்கலாம்," என்றார் ஸ்ரிபன்.

காளான் பக்கம் பேசுபவருக்குப் பத்து நிமிடம் கூடுதல் என்று ஆசைகாட்டினார் ஸ்ரான்லி. பிரதீபன் ஜக்கற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தான்.

வேறு வழியின்றி ஸ்ரான்லியே விளங்கப்படுத்தினார்.

"சிறுத்தை பகல் முழுக்க நித்திரை. காளான் லீவே எடுக்காது. சிறுத்தை மரத்திலை ஏறும்; காளான் அந்த மரத்தையே விழுத்தும். சிறுத்தையைச் சுட்டால் கதை முடிஞ்சுது. காளானை எங்கை சுடுறது?"

இப்படியே நாற்பது நிமிடம்.

"உங்களை விட்டால் ஆரண்ணை இதை இப்பிடிக் கதைப்பினம்? நீங்களே நில்லுங்கோ," என்றார் பவளராணி.

ஸ்ரான்லி உருகிப்போய் "ஓம்" என்றார். வாயை மூடிய பிறகுதான் உறைத்தது: வாதாடுகிறவர் நடுவராக இருக்க முடியாது.

சொன்ன சொல்லை மீறலாமா? பிரெடெரிசியா நகரிலிருக்கும் பட்டிமன்றப் பேச்சாளர் பேனாட்டை நடுவராக அழைத்துக் கடிதம் எழுத உட்கார்ந்தார். திகதி, இடம், விடயம், ஒன்று முதல் ஏழுவரை இலக்கமிட்ட பந்திகள். 'நடுவர் பதவியைத் தங்களிடம்' என்ற இடத்தில் மட்டும் பேனை கொஞ்ச நேரம் நின்றது.

உறையை ஒட்டினார். தெருவில் சிவப்புத் தபால்பெட்டிகள் இப்போது இல்லை. பிரதீபனின் காரில், கடிதம் வாங்கும் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போய் அதைக் கொடுத்துவிட்டு வந்து ஏறினார்.

கார் கிளம்பவும் பிரதீபனின் போன் அடித்து, தானாகவே கார் ஸ்பீக்கரில் எடுபட்டது. அவன் நிறுத்தப் பாய்வதற்குள் பவளராணியின் குரல் காரை நிறைத்தது.

"தம்பி, கடிதம் போயிட்டுதோ? அப்பாடா! எந்தத் தலைப்பெண்டாலும் நாங்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிண்டால், அண்ணை தானாவே அந்தக் கதிரையை விட்டு எழும்புவார் எண்டு நான் சொன்னன்தானே?"