வழிகாட்டி அண்ணனின் வயிறு

சிங்கப்பூரை வயிற்றாலேயே படித்துத் தேர்ந்த ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் வழிகாட்டி அண்ணன்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சிராங்கூன் ரோட்டு ஆபீஸில் அவருக்கு என் பக்கத்து மேசை. இருவருக்கும் பொங்கோலில் வீடு. மாலை ரயிலில் ஏசி குளிருக்குப் பெட்டியே கண்ணயர்ந்துவிடும். அண்ணனும் கண்ணை மூடுவார், ஆனால் தூங்க மாட்டார். வயிற்றில் கை வைத்து, பக்கத்து வீட்டு வானொலியைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பார்.

"என்னண்ணே?"

"பேசாதீங்க தம்பி. ஏதோ உருளுது."

அடுத்த நிலையத்தில் கதவு திறந்ததும் ஆளைக் காணோம்.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "குடல்ல புண்ணும் இல்ல, கட்டியும் இல்ல. மனசு பதறினா உங்க குடலும் கூடவே பதறுது, அவ்வளவுதான்" என்றாராம். அந்த 'அவ்வளவுதான்' அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து தீவு முழுக்கக் கழிப்பறை ஆராய்ச்சி. எந்த நிலையத்தில் பயண கார்டைத் தட்டி வெளியே போகவேண்டும், எதில் உள்ளேயே இருக்கிறது, எல்லாம் மனப்பாடம். ஆபீஸ் பக்கத்துத் தேக்காவில் யாராவது கோயிலுக்கு வழி கேட்டால், கழிப்பறை கழிப்பறையாகத் தொட்டுப் போகும் சுற்றுவழியைத்தான் சொல்வார்; 'வழிகாட்டி' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

"செம்பவாங்ல ஒண்ணு இருக்கு தம்பி. ஜன்னல்ல மரம் தெரியும். காத்து வரும். யாருமே வரமாட்டாங்க லா..."

கண் சொருகி அவர் சொல்லும்போது, லீவு போட்டுவிட்டு அங்கே போய் உட்காரலாமா என்று எனக்கே ஆசை வரும்.

அப்படிப்பட்டவருக்கு மகள் கவிதாவின் கல்யாணம் வந்தது. தாரை வார்க்கும்வரை பெண்ணின் அப்பா மணையைவிட்டு எழக்கூடாதே! நினைத்தாலே அவருக்கு வயிறு உருண்டது.

"சபையில நான் எழுந்து ஓடினா புள்ளைக்கு அசிங்கம் லா. என் தம்பிய உட்கார வச்சிடட்டுமா?"

"நீங்க இருக்கும்போது சித்தப்பாவா? கவிதா ஒத்துக்குமா?"

"கேட்கவே பயமா இருக்கு."

ஒரு வாரம் கஞ்சியும் மோரும்தான். முகூர்த்த நாளில், காத்தோங் பக்கம் ஒரு மண்டபத்தில் பட்டு வேட்டியோடு மணையில் அமர்ந்தார். ஐயர் ஆற அமர மந்திரம் சொன்னார். ஓமப்புகையில் எல்லோருக்கும் கண் சொக்கியது. அண்ணனும் கண்ணை மூடினார். கை வயிற்றுக்குப் போனது.

எழுந்தார். போயே போய்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். சித்தப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடையேறினார்.

"நல்ல நேரம் போயிடும்மா" என்றார் ஐயர்.

கவிதா நிமிர்ந்தாள். "அப்பா வந்துருவாங்க ஐயரே. ஸ்டேஜுக்குப் பின்னாடியேதான் இருக்கு. சித்தப்பா, நீங்க உட்காருங்க. கீழ."

ஈர மீசையோடு அண்ணன் திரும்பி வந்தார். நேரம் தப்பவில்லை. மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்த்தார்.

பந்தியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பரிமாற வந்த கவிதாவிடம், "நல்லவேளை, பக்கத்துலயே இருந்துச்சும்மா" என்றேன்.

"நல்லவேளை என்ன அங்கிள்? எத்தனை ஹால் பாத்தோம் தெரியுமா! கார் பார்க், டெக்கரேஷன் எல்லாம் என் வீட்டுக்காரர் பாத்தார். நான் இத மட்டும்தான் பாத்தேன்."

அண்ணன் மோர் டம்ளரை ஒதுக்கி வைத்தார். பிறகு, "எனக்கும் கொஞ்சம் பாயசம் ஊத்தும்மா" என்றார்.

லீவு முடிந்து வந்த அன்று மாலை, ரயிலில் அண்ணன் என் தோளில் சாய்ந்து நிஜமாகவே தூங்கிப்போனார். அன்று பார்த்து எனக்கு வயிறு உருண்டது. அவர் தூக்கம் கெட வேண்டாமென்று, பொங்கோல் வரை அசையாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.