மாமனார் தோப்புக்கு வந்த கரடி

கரடிக்கும் உண்ணிக்கும் வித்தியாசம் தெரியாத மனிதன் உலகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு. அது நான்தான். (படித்தது விலங்கியல் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

எண்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான புதிது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. மாமனார் மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவருக்கு இருந்த ஒரே பிடிமானம் அதுதான். அந்த வருஷம் நல்ல காய்ப்பு. மழை வருவதற்குள் காயைப் பறித்துவிட வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒத்தாசைக்கு ஒரு நாள் வாங்க" என்றார். போனேன். (போகாமலே இருந்திருக்கலாம்.)

நான் செய்த ஒத்தாசை, காவல் குடிசையில் நாயை ஒட்டிப் படுத்து மதியத் தூக்கம் போட்டது. விழித்தபோது பக்கத்தில் 'பரக் பரக்' என்று சத்தம். குடிசைக்குப் பின்னால் எதுவோ புற்றைத் தோண்டுகிறது! கொஞ்ச நாள் முன்புதான் கூமாப்பட்டிப் பக்கம் ஒருவரைக் கரடி பிறாண்டியதாகப் பேச்சு. "கரடி!" என்று நான் போட்ட அலறலில் மரத்திலிருந்த ஆட்கள் பொத்துப் பொத்தென்று குதித்தார்கள்.

"எங்கிட்டுங்க வருது?"

"பின்னாடிதான்! கிட்ட வந்துருச்சு!"

அவர்கள் ஊரைப் பார்த்து ஓடினார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓடினேன். கரடியும் கூடவே ஓடிவந்தது. வந்த பஸ்ஸில் தாவி ஏறினேன். கரடியும் ஏறிவிட்டது. மாப்பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று மாமனாரும் பின்னாலேயே ஓடிவந்து ஏறினார். நான் காதைப் பொத்திக்கொண்டு தலையை உதறுவதைக் கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்ன சார், காதுல எதும் பூந்துருச்சா?" என்றார். அப்போதுதான் எனக்கே சந்தேகம் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் காதில் எண்ணெய் விட்டு, இடுக்கியால் எடுத்துப் பஞ்சில் வைத்தார். எள்ளளவு நாய் உண்ணி, காலை ஆட்டிக்கொண்டிருந்தது. மாமனார் குனிந்து பார்த்தார்.

"இதுதானா மாப்ளே?"

திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலமே காற்றும் மழையும் சுழற்றியடித்தன. மறுநாள் தோப்பில் கால் வைக்க இடமில்லை; காயெல்லாம் சேற்றில் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. அழக்கூட முகமில்லாமல் நின்றேன்.

ஆட்கள் வந்து, "நெசமாவே கரடிதானா?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"கரடிதான். நானும் பாத்தேன்ல. எம்புட்டுப் பெருசு!"

புது மாப்பிள்ளை ஊர் வாயில் விழக் கூடாதாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். குட்டியும் கூட இருந்தது என்று சேர்த்துவிட்டார். அடுத்த வருஷம் அந்தத் தோப்பில் மரமேற ஒருவரும் வரவில்லை. குத்தகையை விட்டுவிட்டு எங்கள் மில்லுக்கே வாட்ச்மேனாக வந்து சேர்ந்தார். தினமும் நான் வேலைக்குப் போகும்போது எழுந்து நின்று கேட்டைத் திறந்துவிடுவார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி காப்பியோடு இந்தக் கதையையும் கொடுப்பாள். "கரடி வந்திருந்தா நாலு பழத்தத் தின்னுட்டுப் போயிருக்கும். உண்ணி எங்கப்பா தோப்பையே தின்னுருச்சு" என்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மாமனார் இருந்தவரை அவர் மட்டும் சிரித்ததில்லை. "ஏட்டி, சும்மா இரு. வந்தது கரடிதான்" என்பார்.