ஐந்து மூலிகைக் கூட்டணியும் ஒரு கொசுறும்

எந்த விலையைச் சொன்னாலும் பாதிக்குக் கேட்பவர் என்பதால் அந்தப் பழைய இரும்பு வியாபாரிக்குப் ‘பாதிவிலை’ என்றே பெயர். சர்க்கரை முந்நூறு என்று டாக்டர் சொன்னபோதும் அவர் விடவில்லை.

“நூத்தம்பதுன்னு போட்டுக்கோங்க.”

டாக்டர் போடவில்லை. கால் விரலில் ஆறாமல் கிடந்த புண்ணைக் காட்டி, “மாத்திரை சாப்பிடலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும்” என்றார்.

வாங்கிய மாத்திரையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் வீசினார் பாதிவிலை.

“தலை போனாலும் இதைத் தொடமாட்டேன்.”

“இப்போதைக்கு விரல்தாங்க போகுது.”

“பாகல், நாவல்கொட்டை, வெந்தயம், மஞ்சள், நெல்லி. அஞ்சையும் சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கப்போறேன். தனித்தனியா நின்னா தோத்துப்போகும். கூட்டணி வெச்சா ஆட்சியைப் பிடிக்கும்.”

“கூட்டணிக்குள்ள சண்டை வந்தா?”

“வயிறு என் வயிறு.”

“ராத்திரி பூரா கேக்கப்போறது என் காது.”

ஆனாலும் அவள் மல்லுக்கு நிற்கவில்லை. நல்ல மூலிகைக் கடைக்கு அவளே வழியும் சொன்னாள். பாதிவிலைக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை.

கடைக்காரி விலையில் இம்மியும் இறங்கவில்லை. இவருக்கு ரத்தம் கொதித்தது.

“சரி, கொசுறு என்ன தருவே?”

“வேர்ச்சத்து வில்லை இருக்குண்ணே. சர்க்கரைக்கு நல்லது. தினமும் வந்தா தினமும் ஒண்ணு.”

“ஒண்ணா? நான் என்ன குருவியா? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டு குடு.”

“கட்டுப்படியாகாதுண்ணே.”

பாதிவிலை பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிட்டு நடந்தார். வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து அழைப்பு வந்தது. காகிதத்தில் மடித்த இரண்டு வெள்ளை வில்லைகளோடு, கோட்டையைப் பிடித்தவர்போல வீடு திரும்பினார்.

அதன்பின் தினமும் கடைக்கு நடை, கசப்பில் முகம் கோணக் கோணக் கஷாயம், போராடிப் பெற்ற கொசுறு.

மூன்று மாதத்தில் புண் ஆறிவிட்டது. மனைவியோடு போய் டாக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். சர்க்கரை நூற்றைம்பதில் நின்றது.

“அன்னிக்கே இந்த விலைதான் கேட்டேன். உங்க மாத்திரை இல்லாமலே படிஞ்சிருச்சு பாருங்க. அஞ்சு மூலிகைக் கூட்டணி. இது வெளியிலேருந்து ஆதரவு.” பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்து மேஜையில் வைத்தார்.

டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். “இது நான் எழுதிக் கொடுத்த மாத்திரைங்க.”

பாதிவிலை மனைவியைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த கைப்பையைச் சரிசெய்துகொண்டாள்.

எதில் தோற்றாலும் பேரத்தில் தோற்கலாமா? “இருக்கட்டும். அந்தக் கடைக்காரி ஒண்ணுதான் தரேன்னா. ரெண்டாக்கினது நான்.”

“நான் எழுதினதே தினம் ரெண்டுதான்” என்றார் டாக்டர்.

“ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கச் சொன்னதே நான்தாங்க” என்றாள் மனைவி.