ஏரியின்மேல் ஓடிய பல் டாக்டர்

மனித இனத்தில் கை பார்ப்பவர் என்று ஓர் உட்பிரிவு உண்டு. சோதிடரைச் சொல்லவில்லை. சோதிடர் அடுத்தவர் கையைப் பார்ப்பார். இவர் தம் கையை மட்டுமே பார்ப்பார். மணிக்கட்டில் கறுப்பாக, வட்டமாக, ஒரு சின்னக் கிண்ணத்தின் மூடிபோல ஒன்றைக் கட்டியிருப்பார். இவர் எத்தனை அடி வைத்தார், எத்தனை படி ஏறினார், நெஞ்சு எத்தனை முறை துடித்தது, இரவு எவ்வளவு நேரம் தூங்கினார் எல்லாம் அதற்குத் தெரியும். அது சொல்லாமல் இவருக்கு எதுவும் தெரியாது.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒரு பல் டாக்டர். தினமும் காலையில் ஏரிக்கரைச் சாலையில் பத்து கிலோமீட்டர் ஓடுபவர். ஒரு செவ்வாய்க்கிழமை கடிகாரம் புதிய மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது. டாக்டர் சரி என்றார். மறுநாள் ஓடி முடித்துப் போனில் வரைபடத்தைத் திறந்தால், சிவப்புக் கோடு கரையை விட்டு நாற்பது மீட்டர் தள்ளி ஏரிக்குள் போயிருந்தது. தண்ணீர்மேல், கிலோமீட்டருக்கு ஆறு நிமிட வேகத்தில் ஓடியிருக்கிறார்.

மனைவியிடம் காட்டினார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"ஷூ நனைஞ்சிருக்கா?"

"இல்ல."

"அப்ப நீங்க ஏரியில ஓடல."

வேறு யாராயிருந்தாலும் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஷூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகு வைத்தியம் தொடங்கியது. கடிகாரத்தை அணைத்துப் போட்டார். போனோடு இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தார். இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்திருந்த நோயாளிகளிடம் எல்லாம் ஜிபிஎஸ் என்பது என்ன என்று விளக்கினார், அவர்களும் மறுத்துப் பேசவில்லை. கடைசியில் கம்பெனிக்கே போன் செய்தார்.

"வெட்டவெளியில நின்னு சாட்டிலைட் புடிச்சீங்களா சார்?"

"இருபது நிமிஷம் நின்னேன்."

"கைய அசைக்காமலா?"

"ஒரு தடவ தும்மினேன்."

"அதான் சார்."

மறுநாள் தும்மாமல் நின்றார். கோடு அப்போதும் ஏரியில்தான் போயிற்று. அன்று மாலை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கடிகாரம் நாற்பது மீட்டர் இடப்பக்கம் தள்ளிக் காட்டுகிறது. நாம் நாற்பது மீட்டர் வலப்பக்கம் தள்ளி ஓடினால் கோடு சரியாகச் சாலைமேல் விழுமல்லவா? கணக்கில் குற்றமே இல்லை. வலப்பக்கம் வீடுகள் இருந்தன, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை, ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, பல் டாக்டர் மதில் ஏறிக் குதித்து, கொடியில் காய்ந்த போர்வைக்குள் புகுந்து வெளியே வந்தார்.

"என்ன டாக்டர், என் பல்லு விஷயமாவா?"

"இல்ல சார். நான் இப்ப ரோட்டுல ஓடிட்டிருக்கேன்."

அதிகாரி சற்று யோசித்தார். "ரோடு முன்பக்கம் இருக்கு."

"உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மதிலில் ஏறினார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப்போட்டி. டீச்சருக்கு அது முதல் போட்டி. கடிகாரம் எதுவும் இல்லாமல், ஆறு மாதமாகப் பள்ளி மைதானத்தைச் சுற்றிச் சுற்றிப் பழகியிருந்தார். கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீங்க எனக்கு முன்னாடி முடிச்சிடுவீங்க. நான் வர்றப்ப முடிவுக்கோட்டுகிட்ட நில்லுங்க. அது போதும்."

டாக்டர் முன்னாடியே முடித்தார். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். கையைப் பார்த்தார். பத்தொன்பது புள்ளி மூன்று. புதிய மென்பொருள் இடத்தை நகர்த்தியது போதாதென்று தூரத்தையும் விழுங்கியிருந்தது. ஆயிரம் பேர் பார்க்க ஓடி முடித்த மனிதர், பதக்கம் நெஞ்சில் டொக் டொக்கென்று அடிக்க, சாலையின் வலப்பக்கம் கார்கள் நிறுத்தியிருந்த திடலுக்குள் புகுந்து மிச்சத்தை ஓடத் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் டீச்சர் வந்தார். கால் இழுக்க, முகம் சிவக்க, கடைசி நூறு மீட்டரில் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தார். கோட்டைத் தாண்டியும் தேடினார். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்டினார்.

பத்து நிமிடம் கழித்து டாக்டர் மூச்சிரைக்க வந்தார். "இருபத்தொண்ணு ஆயிடுச்சு."

"நான் வந்தப்ப எங்க இருந்தீங்க?"

தப்பு செய்துவிட்டோம் என்று டாக்டருக்கு நெஞ்சு சொல்லிற்று. ஆனால் கை முந்திக்கொண்டது. போனில் வரைபடத்தைத் திறந்து நீட்டினார். திடலில் போட்ட சுற்றெல்லாம் நாற்பது மீட்டர் இடம்பெயர்ந்து, முடிவுக்கோட்டின்மேல் சிவப்பாகச் சுருண்டு கிடந்தது. "இங்க பாரு. கோட்டச் சுத்தியேதான் இருந்திருக்கேன்."

டீச்சர் பார்த்தார். "நான் வர்றத உங்க வாட்ச் பாத்துச்சான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். கார் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில், இவ்வளவு தூரம் நடப்பது கணக்கில் வராமல் போகிறதே என்று தோன்றவே, எடுத்து மறுபடி கட்டிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று காலை வீட்டில் யாராவது "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டபோது, பதில் சொல்வதற்கு முன் நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?